நமது சங்க வண்டியின் பிரேக் விளக்குகள்

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் உடனே அறிவார். துணியே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். வாய்க்காலில் உடைப்பு ஏற்பட்டால் பயிரிடுவோர் விரைவில் அறிவார். கடைமடை காய்ந்து நின்று அதைச் சொல்லிவிடும். ஆனால் சரக்கு வண்டியின் பின்புறத்திலுள்ள பிரேக் விளக்கு எரியாமற் போனால், வண்டியை ஓட்டுபவர் அதை அறிவதில்லை. அவருடைய பார்வை முன்னே இருக்கிறது. விளக்கோ பின்னே இருக்கிறது. அந்த விளக்கினால் பயன் பெற வேண்டியவர் பின்னால் வருகிறவர். அவரும், அது எரியவில்லை என்பதை, எரிந்திருக்க வேண்டிய தருணம் கடந்த பின்னரே அறிந்துகொள்கிறார்.

இந்த உண்மையை நாம் புத்தகத்தில் படித்து அறியவில்லை. சென்ற மார்கழி மாதத்தில் நமது சங்க அங்கத்தினர் ஒருவருடைய மணிக்கட்டு முறிந்ததன் மூலம் அறிந்தோம். அந்த நிகழ்ச்சியையும், அதற்குக் காரணமாயிருந்த குறையை எவ்வாறு கண்டுபிடித்தோம் என்பதையும், அத்தகைய குறைகளை ஒழுங்கான முறையில் ஆராய்வது எப்படி என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். சங்கத்துக்கு வண்டி ஒன்று என்றாலும், அங்கத்தினர் பலர் இன்று சொந்தமாகச் சிறு சரக்கு வண்டி வைத்திருக்கின்றனர். அவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம்.

நடந்தது என்ன?

அன்று விடியற்காலை ஐந்து மணி. நமது பிக்கப் வண்டி வாழைத்தார்களையும், அவற்றின் மேல் தார்ப்பாய் விரித்துப் படுக்கை விரிப்புக் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு ஈரோட்டுச் சந்தைக்குப் புறப்பட்டது. பனி மூட்டமாயிருந்தது. நமது அங்கத்தினராகிய நெசவாளர் ஒருவர், பால் பாத்திரங்களுடன் தம் இருசக்கர வண்டியில் பின்னே வந்தார். ஓரிடத்தில் மாடுகள் குறுக்கிடவே, நமது வண்டியோட்டி பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்தவர் வண்டியின் பின்கதவில் மோதி வீழ்ந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் அவருடைய தறி ஓடவில்லை. நாடா தள்ளும் கை கட்டுப்போட்டிருந்தால் குடும்பத்தின் வருமானம் என்னவாகும் என்பதை நெசவாளர்களுக்கு நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

அவர் கூறியது இது: “வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். வண்டி நிற்கும்போது அந்த வெளிச்சம் அதிகமாக வேண்டும் அல்லவா? அது மங்கிப் போயிற்று. வண்டி முன்னே விலகிப் போகிறது என்றே எண்ணினேன்.”

நிர்வாகக் கமிட்டி கூடியது. விளக்கைக் கவனியாமல் வண்டியை எடுத்தது வண்டியோட்டியின் தவறு என்று கருதி, சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியை அவருடைய சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்வது என்று தீர்மானித்தது. வண்டியோட்டி அதை எதிர்த்துப் பேசவில்லை. வண்டிப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கார்த்திகை மாதத்தில் இருமுறை அவர் அதில் எழுதியிருந்தார்: “பிரேக் மிதிக்கும்போது அம்பு விளக்கு இலேசாக எரிகிறது.” இருமுறையும் பட்டறையில் பல்பு மாற்றப்பட்டிருந்தது. இருமுறையும் விளக்கு நன்றாக எரிந்ததாகக் குறிப்பு இருந்தது. அந்த இரண்டு வரிகளின் பொருளை நாம் எவரும் விசாரிக்கவில்லை. அந்த ஒரு வாக்கியமே நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் விளங்கிற்று.

மின்சாரம் செல்லும் வழி

குறையைக் கண்டுபிடிக்க வேண்டுமாயின், முதலில் மின்சாரம் எவ்வழியே சென்று எவ்வழியே திரும்புகிறது என்பதை அறிய வேண்டும். இதைப் பாசன வாய்க்காலுக்கு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும்.

பாட்டரி என்பது கிணறு. அதன் அழுத்தம் 12 வோல்ட். பாட்டரியின் நேர் முனையிலிருந்து புறப்படும் மின்சாரம் முதலில் பியூஸ் வழியாகச் செல்கிறது. பியூஸ் என்பது வேண்டுமென்றே மெல்லியதாக அமைத்த ஒரு கரை. அளவுக்கு மீறி வெள்ளம் வந்தால் அது முதலில் உடைந்து மற்ற கரைகளைக் காப்பாற்றுகிறது. அடுத்தபடியாக, பிரேக் பெடலுக்கு மேலே பொருத்தப்பட்டுள்ள சுவிட்சு. இதுதான் மடை. கால் எடுத்திருக்கும்போது பெடலின் தண்டு சுவிட்சின் சிறு முளையை உள்ளே அழுத்தி வைத்திருக்கிறது, மடை மூடியிருக்கிறது. பெடலை மிதித்ததும் தண்டு விலக, முளை வெளியே வருகிறது, மடை திறக்கிறது. மின்சாரம் வண்டியின் அடிச்சட்டத்தை ஒட்டிச் செல்லும் நீண்ட கம்பி வழியாகப் பின்னுக்கு ஓடி, இடது வலது விளக்குகளுக்குப் பிரிந்து, பல்பினுள் இருக்கும் இழையைச் சூடேற்றி ஒளிரச் செய்கிறது.

இத்துடன் பயணம் முடிந்துவிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. வயலுக்கு வந்த நீர் வடிவதற்கு வழியில்லாவிட்டால் வாய்க்காலில் ஓட்டம் நின்றுவிடுமல்லவா? அதுபோலவே, இழையின் வழியே வந்த மின்சாரம் பாட்டரியின் எதிர் முனைக்குத் திரும்பிச் சென்றாக வேண்டும். அதற்காகத் தனிக் கம்பி முழு நீளத்துக்கும் இழுப்பதில்லை. வண்டியின் இரும்புச் சட்டமே அந்த வடிகாலாக உதவுகிறது. விளக்கிலிருந்து ஒரு சிறு கம்பி வந்து திருகாணியினால் சட்டத்துடன் இணைக்கப்பட்டிருக்கும். இதையே எர்த் கம்பி என்கிறோம். பல வண்டிகளில் பின்விளக்குகள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எர்த் கொடுத்திருப்பார்கள்.

இன்னொரு விவரமும் அறிய வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் ஒரே பல்பினுள் இரண்டு இழைகள் உள்ளன. ஒன்று 5 வாட். இரவில் பின்விளக்காக எரிவது. மற்றது 21 வாட். பிரேக் மிதிக்கும்போது எரிவது. பிரேக் இழை நான்கு மடங்குக்கு மேல் சக்தி வாய்ந்ததாக இருப்பதனால்தான், வெளிச்சம் திடீரென்று ஓங்குவதைக் கண்டு பின்னால் வருபவர் எச்சரிக்கை அடைகிறார். 21 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து 42 வாட். 12 வோல்ட்டில் சுமார் மூன்றரை ஆம்பியர் மின்சாரம் ஓடும்.

குறிகளைக் கொண்டு நோயை அறிதல்

வைத்தியர் நாடியைப் பார்ப்பதற்கு முன் நோயாளியைக் கேள்வி கேட்கிறார். நாமும் கருவியை எடுப்பதற்கு முன் கண்ணால் பார்த்தல் வேண்டும். சாவியைத் திருப்பி வைத்து, ஒருவரைப் பெடலை மிதிக்கச் செய்து, மற்றொருவர் பின்னே நின்று கவனிக்க வேண்டும். தனி ஆளாயிருந்தால், இரவில் வெள்ளையடித்த சுவர் ஒன்றின் முன் பின்புறமாக வண்டியை நிறுத்தி, பெடலை மிதித்துச் சுவரில் படும் சிவப்பு வெளிச்சத்தைக் கண்ணாடியில் பார்க்கலாம்.

ஒரு பக்க விளக்கு மட்டும் எரியவில்லையாயின், குறை அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். பல்பு, அதைத் தாங்கும் ஹோல்டர், அந்தப் பக்கத்துக்குப் பிரிந்து வரும் கம்பி ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும்.

இரு பக்கமும் எரியவில்லையாயின், இருவருக்கும் பொதுவான இடத்தில் குறையைத் தேட வேண்டும். பியூஸ், பெடல் சுவிட்சு, பொதுக் கம்பி, பொது எர்த் என்பவை அவை. ஆயினும் இங்கு ஒரு மயக்கம் உண்டு. ஒரு பல்பு என்றோ போயிருக்கும். எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். இன்று இரண்டாவது பல்பும் போனவுடன் இரண்டும் ஒரே நேரத்தில் போனதாகத் தோன்றும். ஆகையால் பல்புகளைப் பார்க்காமல் மேலே செல்லலாகாது.

விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பெடல் சுவிட்சைப் பார்க்க வேண்டும்.

மிதித்த மாத்திரத்தில் பியூஸ் போய்விட்டால், கம்பி எங்கோ தோலுரிந்து இரும்பில் படுகிறது என்று பொருள்.

விளக்கு மங்கலாக எரிந்தால், அல்லது பிரேக்கை மிதிக்கும்போது சம்பந்தமில்லாத வேறு விளக்கு இலேசாக எரிந்தால், எர்த் கெட்டிருக்கிறது என்று உடனே சந்தேகிக்க வேண்டும். வடிகால் அடைபட்டால் நீர் பக்கத்து வயலில் புகுவது போல, திரும்பும் வழி கிட்டாத மின்சாரம் திசைகாட்டி விளக்கின் இழை வழியாக முன்புறம் சென்று வேறு வழியில் திரும்பப் பார்க்கிறது. நமது வண்டியோட்டி புத்தகத்தில் எழுதி வைத்தது இதையே.

வேண்டிய கருவிகள்

விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளைச் சேர்த்து, ஒரு முனையில் கவ்வியும் மறு முனையில் ஊசியும் பொருத்தினால் சோதனை விளக்கு ஆயத்தமாகிவிடும். மின்சார அளவைக் காட்டும் மல்ட்டிமீட்டர் இருந்தால் மேலும் நல்லது. உப்புத்தாள், திருப்புளி, இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி, சரியான அளவுள்ள உதிரிப் பியூஸ், பல்பு ஆகியவற்றை வண்டியிலேயே வைத்திருக்கலாம்.

வேலை தொடங்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். கம்பியை வெட்டவோ சேர்க்கவோ நேர்ந்தால் பாட்டரியின் எதிர் முனைக் கம்பியை முதலில் கழற்றிவிடுதல் அவசியம். அண்மைக் காலத்து வண்டிகளில் காற்றுப்பை உண்டு. அதன் இணைப்புகள் சாதாரணமாக மஞ்சள் நிறமாயிருக்கும். அவற்றைத் தொடவே கூடாது. மின்னணுச் சாதனங்களுக்குச் செல்லும் கம்பிகளில் பல்பு வைத்த சோதனை விளக்கை உபயோகிக்காமல், மல்ட்டிமீட்டரையே உபயோகிக்க வேண்டும்.

வரிசைப்படி ஆராய்தல்

பாவில் அறுந்த இழையைத் தேடுபவர் அங்கொன்றும் இங்கொன்றுமாக இழுத்துப் பார்ப்பதில்லை. விழுதிலிருந்து பண்ணை வரை வரிசையாகக் கையை ஓட்டுகிறார். மின்சாரக் குறையையும் அவ்வாறே தேட வேண்டும்.

முதலாவது, பல்பு. விளக்கின் கண்ணாடி மூடியைக் கழற்றி, பல்பை அழுத்தித் திருப்பி எடுக்க வேண்டும். சற்று முன் எரிந்த பல்பு கையைச் சுடும். இழை அறுந்திருக்கிறதா, கண்ணாடி கறுத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கலாம். இரட்டை இழைப் பல்பின் அடியில் உள்ள இரு முளைகளும் ஒரே உயரத்தில் இரா. ஒன்று சற்று மேலே இருக்கும். பல்பைத் தலைகீழ் வரிசையில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. வலிந்து திணித்தால் பின்விளக்கு பிரகாசமாகவும் பிரேக் விளக்கு மங்கலாகவும் எரியும். பல்பை எடுத்த பின் ஹோல்டரின் உட்புறத்தையும் கவனிக்க வேண்டும். பச்சைக் களிம்போ துருவோ இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். தளர்ந்துபோன பித்தளைத் தகட்டைச் சற்று நிமிர்த்திவிட வேண்டும்.

இரண்டாவது, பியூஸ். பியூஸ் பெட்டியின் மூடியில் எது எதற்குரியது என்று குறித்திருப்பார்கள். சோதனை விளக்கின் கவ்வியை வண்டியின் சுத்தமான இரும்பில் மாட்டி, பெடலை மிதிக்கச் செய்து, ஊசியால் பியூஸின் இரு முனைகளையும் தொட வேண்டும். இரு முனையிலும் விளக்கு எரிந்தால் பியூஸ் நன்றாயிருக்கிறது. ஒரு முனையில் மட்டும் எரிந்தால் பியூஸ் போய்விட்டது. எந்த முனையிலும் எரியாவிட்டால் பாட்டரியிலிருந்தே மின்சாரம் வரவில்லை.

மூன்றாவது, பெடல் சுவிட்சு. பழைய அமைப்பில் அதற்கு இரண்டு கம்பிகள் மட்டுமே உண்டு. உள்ளே வரும் கம்பியில் சோதனை விளக்கு எப்போதும் எரிய வேண்டும். சில வண்டிகளில் சாவியைத் திருப்பினால்தான் எரியும். வெளியே செல்லும் கம்பியில், பெடலை மிதித்தால் மட்டும் எரிய வேண்டும். மிதித்தும் எரியாவிட்டால் சுவிட்சு கெட்டிருக்கிறது. அல்லது தன் இடத்திலிருந்து நகர்ந்திருக்கிறது. புதிய வண்டிகளில் நான்கு கம்பிகள் கொண்ட சுவிட்சுகளும் உள்ளன. ஒரு பகுதி விளக்குக்கும் மற்றது இஞ்சின் கட்டுப்பாட்டுச் சாதனத்துக்கும் உரியவை. எது எது என்று தெரியாமல் அவற்றை ஒன்றோடொன்று தொடுத்துப் பார்க்கக் கூடாது.

நான்காவது, நீண்ட கம்பி. சுவிட்சு வரை மின்சாரம் வந்து, ஹோல்டரில் வராவிட்டால், குறை இடையிலுள்ள கம்பியில் இருக்கிறது. சரக்குத் தொட்டி சட்டத்துடன் சேரும் இடங்கள், கம்பியைப் பிடித்து நிறுத்தும் கவ்விகள் உடைந்த இடங்கள், பின்கதவின் கீல் அருகில் வளைந்து நிமிரும் இடம், எலி கடித்த இடம், முன்னே எவரோ முறுக்கிச் சேர்த்து நாடா சுற்றிய இடம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். நாடாவினுள் நீர் புகுந்தால் வெளியேறுவதில்லை; உள்ளேயே தங்கிச் செம்பைத் தின்றுவிடுகிறது. அத்தகைய சேர்க்கையை வெட்டி எறிந்து, ஈயம் வைத்துப் பற்றி, சூட்டினால் சுருங்கும் உறையை மேலே போர்த்த வேண்டும்.

ஐந்தாவது, எர்த். மிக எளிதில் கெடுவதும், மிக அரிதாகப் பார்க்கப்படுவதும் இதுதான். இதற்குரிய சோதனை மிக எளிது. பெடலை மிதித்த நிலையில், நீண்ட கம்பியின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர் முனையில் சேர்த்து, மறு முனையால் விளக்கின் எர்த் தகட்டைத் தொட வேண்டும். தொட்டவுடன் விளக்கு பளிச்சென்று எரிந்தால் குறை எர்த்தில்தான் என்பது நிச்சயம். மல்ட்டிமீட்டர் இருந்தால், விளக்கு எரியும்போது அதன் எர்த்துக்கும் பாட்டரியின் எதிர் முனைக்கும் இடையே அளக்கலாம். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு காட்டினால் நல்லது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தே தீர வேண்டும்.

அணையாத விளக்கு

பிரேக் விளக்கு எரியாமலிருப்பது போலவே, அணையாமலிருப்பதும் ஆபத்து. எப்போதும் எரியும் விளக்கு எச்சரிக்கை ஆகாது. உண்மையாகவே வண்டி நிற்கும்போது பின்னால் வருபவர் அதை நம்ப மாட்டார். மேலும் மூன்றரை ஆம்பியர் வீதம் பத்து மணி நேரம் எரிந்தால் 35 ஆம்பியர்-மணி செலவாகிறது. சிறு சரக்கு வண்டியின் பாட்டரி காலையில் இஞ்சினைத் திருப்ப மறுத்தால் இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் ஓர் அற்பப் பொருள். பெடல் தண்டில் சுவிட்சின் முளை வந்து அழுத்தும் இடத்தில் சிறு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் ஒன்று செருகப்பட்டிருக்கும். அது நாளடைவில் உலர்ந்து நொறுங்கி விழுந்துவிடுகிறது. முளை அந்தத் துளையினுள் புகுந்துகொள்ள, மடை மூடாமலே நிற்கிறது. வண்டியோட்டியின் காலடியில் பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தால் அதுவே சாட்சி. புதிய பொத்தான் சொற்ப விலைக்குக் கிடைக்கும். சுவிட்சையே முன்னே தள்ளி முடுக்கிச் சரிசெய்ய முயல்வோர் உண்டு. அளவுக்கு மீறி முடுக்கினால் பெடல் முழுவதும் மேலே வராது. பிரேக் சிறிது பிடித்தபடியே இருந்து சக்கரம் சூடேறும். ஒரு குறையை நீக்க வேறொரு குறையை வரவழைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

செய்யத் தகாதவை

பியூஸ் மீண்டும் மீண்டும் போகிறது என்று அதைவிடப் பெரிய பியூஸ் போடுவதும், செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டித் தகட்டையோ சுற்றி வைப்பதும் மிகப் பெரிய தவறு. பலவீனமான கரையை வலுவாக்கினால் வெள்ளம் வேறிடத்தில் உடைக்கும். கம்பியின் உறை தீப்பற்றும். ஏற்றியிருப்பது நூல் சிட்டமும் துணிக் கட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பின்புறத்து இணைப்பைக் கழற்றிவிட்டுப் புதிய பியூஸ் போட்டுப் பார்க்கலாம். பியூஸ் நின்றால் குறை அந்த இணைப்புக்குப் பின்னே இருக்கிறது. மீண்டும் போனால் முன்னே இருக்கிறது. இவ்வாறு பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே வந்தால் இடம் அகப்பட்டுவிடும்.

அலங்கார விளக்குகளைப் பிரேக் விளக்குக் கம்பியில் சேர்ப்பதும், சிவப்பு மூடி உடைந்த இடத்தில் வெள்ளை வெளிச்சம் தெரிய விட்டுவைப்பதும் தகாது. பின்னால் சிவப்பு நிற நிறுத்த விளக்கு எரிய வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் அடங்கியது. தகுதிச் சான்று புதுப்பிக்கச் செல்லும் நாளில் மட்டும் விளக்கைச் சரிசெய்து காட்டிவிட்டு, மற்ற நாட்களில் அதை மறந்துவிடுவது சட்டத்தை ஏமாற்றுவதன்று, நம்மையே ஏமாற்றிக்கொள்வதாகும்.

நமது வண்டியில் கண்டது

கமிட்டியின் வேண்டுகோளின் பேரில், அனுபவம் மிக்க மின்சாரத் தொழிலாளி ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். அவர் முதலில் கேட்டது வண்டிப் புத்தகத்தை. அம்பு விளக்கைப் பற்றிய வரியைப் படித்தார். வண்டியோட்டியிடம், “இதை எழுதியது நீங்களா, தம்பி? பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்” என்றார். பல்பை அவர் தொடவே இல்லை. நீண்ட கம்பியை எடுத்து எர்த்தைச் சோதித்தார். மங்கலாயிருந்த இரு விளக்குகளும் ஒரே கணத்தில் பிரகாசித்தன.

பின்னர் சரக்குத் தொட்டியின் அடியில் குனிந்து, இரு விளக்குகளுக்கும் பொதுவான எர்த் திருகாணியைக் காட்டினார். அது துருவேறி, கம்பியின் முனை பச்சைக் களிம்பு பிடித்து, இரண்டொரு இழைகளால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நேர் மேலே தொட்டியின் பலகையில் ஓர் இடைவெளி. வாழைத்தாரிலிருந்தும் கீரைக் கட்டிலிருந்தும் வடியும் நீர் அதன் வழியேதான் விழும். அது மட்டுமன்று. சாயப்பட்டறையிலிருந்து ஈரச் சிட்டங்களை நாம் இதே வண்டியில் ஏற்றி வருகிறோம். பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்காகச் சாயத் தொட்டியில் உப்புச் சேர்க்கிறார்கள். முற்றும் அலசப்படாத சிட்டத்திலிருந்து சொட்டுவது உப்பு நீர். உப்பு நீர் இரும்பையும் செம்பையும் எவ்வளவு விரைவில் அரிக்கும் என்பதை அந்தத் திருகாணியில் கண்ணாரக் கண்டோம். பயிரிடுவோரின் நீரும் நெசவாளரின் நீரும் சேர்ந்தே அந்த இணைப்பைக் கெடுத்திருந்தன.

பட்டறையில் பல்பு மாற்றியபோது விளக்கு எரிந்தது ஏன் என்று கேட்டோம். பல்பைக் கழற்றி மாட்டும் அசைவில் கம்பி சிறிது நேரம் இரும்பைத் தொட்டிருக்கும். நின்ற வண்டியில் அது போதும். பாரம் ஏற்றிச் சாலையில் குலுங்கும்போது மீண்டும் விலகிவிடும் என்று விளக்கினார். பின்விளக்கு எரிந்துகொண்டிருக்கும் நிலையில் பிரேக்கை மிதித்ததும் வெளிச்சம் ஓங்காமல் மங்கியதற்கும் இதுவே காரணம். திரும்பும் வழி அடைபட்டிருந்ததால், பெரிய இழையின் வழியே பாய்ந்த மின்சாரம் பொது எர்த்தில் தேங்கி, சிறிய இழையின் ஓட்டத்தையும் தடுத்துவிட்டது. அடிபட்ட அங்கத்தினர் கூறியது ஒவ்வொரு சொல்லும் உண்மை. வண்டியோட்டி எழுதியதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்க்காதது நமது குறை.

திருகாணியைக் கழற்றி, இரும்பை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, கம்பியின் கெட்ட பகுதியை வெட்டிப் புதிய முனை பொருத்தி, இறுக முடுக்கி, மேலே வாசலின் பூசினார். நீர் விழாத வேறிடத்தில் இரண்டாவது எர்த் கம்பி ஒன்றும் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பொருட்செலவு இரண்டு பல்புகளின் விலையைவிட அதிகமாகவில்லை.

நாம் செய்துகொண்ட ஏற்பாடு

கமிட்டி தன் முந்திய தீர்மானத்தை ரத்துச் செய்தது. வண்டியோட்டியின் சம்பளத்தில் பிடித்தம் எதுவும் இல்லை. அடிபட்ட அங்கத்தினரின் சிகிச்சைச் செலவைச் சங்கமே ஏற்றது. அவர் இழந்த ஆறு வாரக் கூலிக்கு என்ன செய்வது என்பதை மகாசபையின் முன் வைத்திருக்கிறோம். அங்கத்தினர்கள் தாராள மனத்துடன் முடிவு செய்வார்கள் என்று நம்புகிறோம்.

இனி நாள்தோறும் வண்டி புறப்படுமுன் கிடங்குக் காவலர் பின்னே நின்று, பின்விளக்கு, பிரேக் விளக்கு, திசைகாட்டி விளக்கு ஆகியவற்றைப் பார்த்துப் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். அரை நிமிட வேலை. ஈரச் சிட்டங்களைத் தட்டில் வைத்தே ஏற்ற வேண்டும். மாதம் ஒருமுறை தொட்டியின் அடிப்புறத்தை நல்ல நீரால் கழுவி, எர்த் திருகாணிகளைப் பார்க்க வேண்டும். வண்டிப் புத்தகத்தைக் காரியதரிசி வாரந்தோறும் படித்து, ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் எழுத வேண்டும்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு விநாடிக்குள் 11 மீட்டர் கடந்துவிடுகிறார். அந்த ஒரு விநாடியை முன்கூட்டி அவருக்கு அளிப்பதே பிரேக் விளக்கின் வேலை. பின்னால் வருபவர் யாரோ ஒருவர் அல்லர். நமது சாலையில் பெரும்பாலும் அவர் நம் அங்கத்தினராகவோ, அவருடைய பிள்ளையாகவோ இருப்பார். சொந்த வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இன்று மாலையே ஒரு சுவரின் முன் வண்டியை நிறுத்திப் பெடலை மிதித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சுவர் சிவந்தால் மகிழ்ச்சி. சிவக்காவிட்டால், மேலே கூறிய ஐந்தையும் வரிசை தவறாமல் பார்க்க வேண்டும். பல்போடு நின்றுவிடக் கூடாது.